வெயில் போவதற்குள்

தஇஸ், ஆகஸ்ட் 3

தம்பி நஷ்வானுக்கு,

உனக்கு அமைதியும் நல்ல உடம்பும் கிடைக்கட்டும். நான் சுகம். முதுகு வலி மட்டும் விடவில்லை. போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை அறுந்துவிடுகிறது, அதனால் மின்னஞ்சலிலேயே எழுதுகிறேன். அவசரமில்லாமல் படித்துப் பதில் போடு.

பெருநாளுக்குப் பிறகு மூன்று கல்யாணங்கள் படம் எடுத்தேன். ஒன்றைக்கூடக் கொடுத்து முடிக்கவில்லை. வெட்டி ஒட்டுவது பிரச்சினை இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாக்க ரெண்டர் போட்டால் ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. மாடியில் இருக்கும் சோலார் பலகை இந்த மழைக்காலத்தில் ஆறு மணி நேரம் கொடுத்தாலே அதிகம். மத்தியானம் தாண்டியதும் ஸபர் மலையிலிருந்து மேகம் இறங்கிவிடுகிறது. லேப்டாப்பின் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. எண்பது சதவீதம் வந்ததும் அணைந்துபோகும், மறுநாள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். இப்படியே நாலு நாள் போயிற்று.

கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லாதே. உனக்குத் தெரியும். மண்டப வாசலில் எல்லாப் பெண்களின் போனையும் பிடுங்கி வைத்துவிட்டு என் கேமராவை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே அவர்கள் தலை மூடாமல், கை தெரிய, மூச்சு வாங்க ஆடுகிறார்கள். அந்தப் படங்கள் உள்ள லேப்டாப் பெட்டியை ஓர் ஆண் திறக்கக்கூடாது. தூரத்திலிருந்து நீ இயக்கிப் பார்ப்பதும் நடக்காது. நீயும் ஆண்தான். சொல்லால்தான் எனக்கு நீ உதவ முடியும்.

மாமா கீழ்வீட்டிலிருந்து நேற்று மறுபடியும் அந்தக் காத் இலை வியாபாரியின் பேச்சை எடுத்தார். வேலை நின்றால் நான் அவனுக்கு இரண்டாம் மனைவி. ஹிஷாம் இறந்து நான் விதவையாகி மூன்று வருடமாக இந்த லேப்டாப்பைக் காட்டித்தான் "எனக்குச் சோறு இருக்கு மாமா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை மனதில் வைத்துப் பதில் எழுது.

உன் அக்கா,
அஷ்வாக்

கெய்ரோ, ஆகஸ்ட் 12

அன்பு அக்கா,

உனக்கு நிம்மதியைக் கேட்டு வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் எடிட்டிங் அறையில் ஏசி இயந்திரங்களுக்கு, எங்களுக்கில்லை.

காசு செலவழிக்காமல் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். உன் லேப்டாப்பின் செயலிக்குள்ளேயே வீடியோவைச் சுருக்குவதற்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. படத்தை வெளியே எடுக்கும் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். யாரும் தொடுவதில்லை, நீ தொடு. இனிமேல் 4கே-யில் படம் பிடிக்காதே. அந்த வீடுகளில் இருக்கும் டிவியில் வித்தியாசம் தெரியாது. மணப்பெண் தலைமேல் தங்கத்தூள் கொட்டுகிறாயே, அந்த ஒரு எஃபெக்ட்தான் உன் நேரத்தில் கால்வாசியைத் தின்கிறது. முகம் வரும் இடத்தில் மட்டும் கொட்டு. படத்தை ஐந்து துண்டாக ரெண்டர் போட்டுக் கடைசியில் ஒட்டிக்கொள். கரண்டு போனால் ஒரு துண்டுதான் போகும். லேப்டாப்பின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வை, சூடானால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வெட்டி ஒட்டும்போது திணறினால், மென்பொருளிலேயே லேசான நகல்கள் எடுக்கச் சொல்லும் ஒரு வசதி இருக்கிறது. மூலப்படத்துக்குப் பதில் அவற்றை வைத்து வேலை செய்யலாம்.

ருவைதா எப்படி இருக்கிறாள்? எனக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆனதிலிருந்து மாமா வீட்டுக்கு நான் நேராக எழுதி அவளை விசாரித்தால் நன்றாக இருக்காது. நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
நஷ்வான்

தஇஸ், ஆகஸ்ட் 30

தம்பி நஷ்வானுக்கு,

உன் வீட்டு வாசலுக்கு நல்லது மட்டும் வரட்டும். எனக்குச் சளி பிடித்து விட்டது.

சொன்னதெல்லாம் செய்தேன். ஒன்பது மணி நேரம் ஏழாகிவிட்டது. துண்டு துண்டாகப் போட்டு இரண்டு படங்களைக் கொடுத்துவிட்டேன். தங்கத்தூளைக் குறைத்ததற்கு ஒரு மணப்பெண்ணின் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்: "என்னடி, தூள் தீந்து போச்சா? நாங்க என்ன கடனுக்கா கல்யாணம் பண்ணோம்?"

லேசான நகல்களும் எடுத்தேன். வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் ரெண்டர் இன்னும் வெயிலைவிட நீளம். இப்போது ஷதா என்கிற பெண்ணின் கல்யாணம் கையில் இருக்கிறது. அவளுடைய அம்மா தினமும் ஆள் அனுப்புகிறாள். பெரிய குடும்பம், ஊரில் பாதிக் கல்யாணம் அவர்கள் வாயைக் கேட்டுத்தான் நடக்கும். இதைச் சரியான நேரத்தில் கொடுத்தால் குளிர்காலம் முழுக்க எனக்கு வேலை.

என்னிடம் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசு இருக்கிறது. ரேமா, வேகமான புது டிஸ்க்கான எஸ்எஸ்டியா? யோசித்துச் சொல். பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது என்றும் எழுது. மொத்தமாக அழித்து வீட்டிலேயே போட்டு வைக்கவா?

ருவைதா நன்றாக இருக்கிறாள். நீ கேட்டதாகச் சொன்னேன். சிரித்தாள், அவ்வளவுதான்.

உன் அக்கா,
அஷ்வாக்

கெய்ரோ, செப்டம்பர் 4

அன்பு அக்கா,

சளி விட்டதா? இஞ்சி போட்டுக் குடி.

எஸ்எஸ்டி வாங்கு, சந்தேகமே வேண்டாம். ரேம் குறைவாக இருப்பதால் உன் லேப்டாப் டிஸ்க்கையே நினைவாகப் பயன்படுத்தித் தேய்ந்துகொண்டிருக்கிறது. டிஸ்க் வேகமானால் இரண்டு நோயும் பாதி குறையும். மாற்றுவது கஷ்டமில்லை. அடியில் உள்ள திருகுகளைக் கழற்று, நீளம் குள்ளம் கலந்துவிடாமல் தனித்தனியாக வை. முதலில் புது டிஸ்க்கை யூஎஸ்பி கேபிளில் மாட்டிப் பழையதை அப்படியே அதற்குள் நகலெடு, பிறகு உள்ளே வை. லேப்டாப் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

பழைய டிஸ்க்கை வீட்டில் போட்டு வைத்து என்ன லாபம்? கடையிலேயே மாற்றாகக் கொடு, விலையில் குறைத்துக்கொள்வான். மொத்தமாக அழிக்காதே. விண்டோஸ் உள்ளே இருந்தால் காசு கூடக் கிடைக்கும். கல்யாணப் படங்கள் இருக்கிற ஃபோல்டர்களை மட்டும் அழித்துவிடு. அது போதும். நாங்கள் இங்கே அப்படித்தான் செய்கிறோம்.

வெள்ளிக்கிழமை முழுக்க அறையில் தனியாகத்தான் இருந்தேன். அறைத் தோழர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

உன் தம்பி,
நஷ்வான்

தஇஸ், செப்டம்பர் 25

தம்பி நஷ்வானுக்கு,

உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், அவைதான் எனக்குப் பிழைப்புக் கொடுத்தன.

கொடுத்து முடித்த ஒரு படத்தையே மறுபடி ரெண்டர் போட்டுப் பார்த்தேன்: மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. நம்பவில்லை, மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான். காலையில் பலகை சூடானதும் போட்டேன், மத்தியானத் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குள் முடிந்துவிட்டது. மலையில் மேகம் திரண்டு நின்றது. 'வந்தால் வா' என்று அதைப் பார்த்துக்கொண்டு பால் தேநீர் குடித்தேன். பக்கத்தில் சொல்வதற்கு ஆள் இல்லை. உனக்குச் சொல்கிறேன்.

டிஸ்க் மாற்றுவதற்குள் விரலில் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டேன். கடைக்காரன் பழையதை வாங்கிக்கொண்டு, "இதுல என்ன இருந்துச்சு சகோதரி?" என்று கேட்டான். "வீட்டுக் கணக்கு" என்றேன். நீ சொன்னதுபோலவே கூடக் கொடுத்தான்.

ஷதாவின் படம் இன்னும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அவளுடைய அம்மாவை நேரில் பார்த்தேன். "நல்லா வந்தா என் அக்கா மக கல்யாணமும் உனக்குத்தான்" என்றாள். மாமாவிடம் காத் வியாபாரி பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

உன் அக்கா,
அஷ்வாக்

தஇஸ், அக்டோபர் 11

தம்பி நஷ்வானுக்கு,

நலமாக இரு. நான் எப்படி இருக்கிறேன் என்று இந்தத் தடவை எழுதப்போவதில்லை, படித்தால் தெரியும்.

நான் கல்யாணப் படங்களை அழித்தேன். லேசான நகல்களை அழிக்கவில்லை. அவற்றை அந்த மென்பொருள் தனக்கென்று வேறோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை. கடைக்காரன் டிஸ்க்கைத் திறந்திருக்கிறான், நகல்களைப் பார்த்திருக்கிறான். ஷதா ஆடுகிறாள், அவளுடைய அம்மா ஆடுகிறாள், நாற்பது பெண்கள் ஆடுகிறார்கள். அடையாளம் தெரிகிற வரைக்கும் பார்த்துவிட்டு, நேரே ஷதாவின் அண்ணனிடம் போய், "உங்க வீட்டுக் கல்யாணம் என் மேஜைமேல கிடக்கு, மானத்த காப்பாத்தச் சொல்லத்தான் வந்தேன்" என்றானாம். டிஸ்க்கையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டான். ஊரில் இப்போது கடைக்காரன்தான் நல்லவன். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலையே துப்பாக்கியோடு பதினைந்து பேர் வாசலில் நின்றார்கள். மாமா இடுப்புக் குத்துவாளை உறையோடு அவிழ்த்து அவர்கள் காலடியில் வைத்தார். தீர்ப்பு எதுவானாலும் கட்டுப்படுகிறேன் என்று அதற்கு அர்த்தம். பஞ்சாயத்துக்கு ஷேக் வந்தார். மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "வீட்டு ஆம்பள சொல்லி செஞ்சிருந்தா அது அவன் தப்பு. அவன் மன்னிப்பு கேட்டா முடிஞ்சுது. பொம்பள தன் இஷ்டத்துக்கு செஞ்சதுன்னா, அந்தப் பெட்டி அந்த வீட்ல இருக்கக்கூடாது, அந்தத் தொழிலும் கூடாது."

நீ என்னைவிட ஆறு வயது சின்னவன். உனக்கு நான் மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் கணக்கில் நீதான் வீட்டு ஆண். பழைய டிஸ்க்கைக் கடையில் கொடுக்கச் சொன்னது நீ, மொத்தமாக அழிக்காதே என்றதும் நீ. மாமாவுக்கு ஒரே ஒரு வரி எழுது: 'நான்தான் சொன்னேன்.' உனக்கு அங்கே ஒன்றும் ஆகாது. எனக்கு இங்கே லேப்டாப் மிஞ்சும். உன் கடிதத்தை நானே காட்டியிருப்பேன். 'அக்கா காட்டிக்கொடுத்தாள்' என்றில்லாமல் நீயாகச் சொன்னால்தான் மாமா உன்னை மதிப்பார், நிச்சயமும் கெடாது என்று நினைத்தேன்.

தீர்ப்பு அடுத்த மாதம் முதல் வியாழன். அதற்குள் எழுது.

அஷ்வாக்

கெய்ரோ, அக்டோபர் 29

அன்பு அக்கா,

உனக்கும் அங்கே உள்ள எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலை நெருக்கடியில் உடனே பதில் போட முடியவில்லை.

நடந்ததைப் படித்தேன். மனது கஷ்டமாக இருக்கிறது. இனி ஒரு டிஸ்க்கைக் கைமாற்றும் முன் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி அழித்துவிட வேண்டும். சும்மா அழித்தால் பெயர் மட்டும்தான் போகும், படம் கிடக்கும். லேசான நகல்கள் எங்கே சேர வேண்டும் என்பதை மென்பொருளின் அமைப்புகளில் நாமே குறிப்பிடலாம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு தனி ஃபோல்டர் வைத்தால் குழப்பம் வராது.

ரெண்டர் நேரத்தை இன்னும் குறைக்க வழி இருக்கிறது. விசிறியில் தூசி அடைத்திருக்கும். ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் வைத்துத் துடை. காசு சேர்ந்ததும் ரேம் இரட்டிப்பாக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்பது என் கணிப்பு.

ருவைதாவுக்கு என் சலாம். மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் தம்பி,
நஷ்வான்

தஇஸ், அக்டோபர் 31

நஷ்வான்,

மாமாவின் உடம்பு நன்றாக இருக்கிறது.

விசிறியைத் துடைத்தேன். உன் கடிதத்தைக் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வரி அதில் இல்லை.

நேரமில்லை என்றால் எனக்கு எழுத வேண்டாம், மாமாவுக்கு எழுது. வியாழன் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்காருகிறார்கள்.

அஷ்வாக்

தஇஸ், நவம்பர் 21

நஷ்வானுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். வியாழனும் போயிற்று, அதற்குப் பின் இரண்டு வியாழனும் போயின. நீ எழுதவில்லை. என்ன நடந்ததென்று வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் கீழே காத் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மாடிப்படிக் கதவுக்குப் பின்னால். ஷேக் குரலை உயர்த்திக் கேட்டார்: "பொண்ணே, உன்கிட்ட யாராவது ஆம்பள சொன்னானா?"

உன் செப்டம்பர்க் கடிதம் போனில் இருந்தது. போன் கையில் இருந்தது. கதவைத் தட்டிக் கொடுத்தால் போதும். மாமா படித்திருப்பார், ருவைதாவை உனக்குக் கொடுக்கலாமா என்று அன்றிரவு யோசித்திருப்பார். நீ எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரிகிறது. கெய்ரோவில் உனக்கென்று இருப்பது அந்த நிச்சயம் ஒன்றுதான். "யாரும் சொல்லல" என்றேன்.

ஷதாவின் வீட்டு வாசலில் மாமா ஒரு காளையை அறுத்தார். என் தப்புக்குக் காளை. கடைக்காரனின் கண்ணுக்கு ஒரு கோழிகூட அறுக்கவில்லை, அவனையும் பந்திக்கு உட்கார வைத்தார்கள். லேப்டாப்பை மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் உடைப்பதாகத் தீர்ப்பு.

இருட்டுவதற்கு முன்னால் ஷதாவின் அம்மா மாடிக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். முகத்திரையைத் தூக்கிவிட்டு, மூச்சிரைக்க, "ஆம்பளைங்க காளைய அறுத்துத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டானுங்க. என் மக படம் எங்கடி?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அழுவுறத அப்பறம் வச்சிக்க. முடிஞ்சுதா இல்லியா?" ரெண்டர் மட்டும் பாக்கி என்றேன். "அந்தக் கடைக்காரன் பாத்துட்டான், என் மக இன்னும் பாக்கல" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைக் கேபிளோடு சுருட்டித் தன் நீளமான கறுப்பு அபாயாவுக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கீழே வாசலில் நின்ற ஆண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெண்ணின் அபாயாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அவர்களால் முடியாதே.

காலையில் மாமா மேலே வந்தார். மேஜை காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டார். "அந்த வீட்ல இருக்கக்கூடாதுன்னாங்க. இல்ல" என்றேன். அன்றிலிருந்து கீழ்வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு படியில் வைக்கப்படுகிறது. ருவைதாகூட வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள்.

படம் ஷதாவின் வீட்டு மொட்டை மாடியில், அவர்கள் பலகையில் ரெண்டர் ஆயிற்று. பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் படத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, டிஸ்க்கில் இருந்த அந்தக் கல்யாணம் முழுவதையும் அவர்கள் கண்ணெதிரே பூஜ்யமாக்கினேன். இனி அப்படித்தான். யார் கல்யாணமோ அவர்கள் வீட்டில், அவர்கள் வெயிலில்.

இவ்வளவுதான். உனக்கு இனி ஆபத்து இல்லை, நிம்மதியாக இரு.

அஷ்வாக்

கெய்ரோ, டிசம்பர் 27

அக்கா,

உனக்கு எப்படி எழுத ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா?

நான் தினமும் எழுதினேன். அனுப்பவில்லை. மாமாவுக்கு எழுதிய வரி என்னிடம் அப்படியே இருக்கிறது: 'பழைய டிஸ்க்கைக் கடையில் கொடுக்கச் சொன்னதும், மொத்தமாக அழிக்க வேண்டாம் என்றதும் நான். அக்கா நான் சொன்னதைத்தான் செய்தாள். தப்பு என்னுடையது.' அதற்குக் கீழே என் பெயரும் போட்டிருக்கிறேன். நீ அனுப்பு என்றால் இன்றே அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். நீயே சொல். அனுப்பவா?

எங்கள் எடிட்டிங் அறையிலிருந்து இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். நான் பிழைத்தேன். ஆனால் ஒரு பழைய இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அது ஒரு நிமிட விளம்பரத்துக்கே உயிரை வாங்குகிறது. அறையில் குளிர் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் கொஷரி வாங்கிவந்து தனியாகச் சாப்பிடுகிறேன். உன் குரலைக் கேட்டு ஐந்து மாதமாகிறது. போன் போட்டால் எடுப்பாயா?

இப்போது ரெண்டர் எவ்வளவு நேரம் ஆகிறது? ரேம் வாங்கினாயா?

உன் தம்பி,
நஷ்வான்

தஇஸ், ஜனவரி 15

நஷ்வானுக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். நான் சுகம்.

ரேம் வாங்கிவிட்டேன். ஷதாவின் அம்மாவே கடைக்குப் போய், கடைக்காரனை வாசலிலேயே நிற்க வைத்து, பேரம் பேசி வாங்கிவந்தாள். நானே மாட்டினேன். ஒரு கல்யாணத்துக்கு இப்போது ஒன்றே முக்கால் மணி நேரம். உன் கணிப்பு சரி. படத்தை உள்ளே ஏற்றும்போதே டிவிக்கு ஏற்ற அளவில் ஏற்றிவிடுகிறேன், கடைசியில் அதை மறுபடி சுருக்கும் வேலை மிச்சம். வண்ணம் திருத்துவதை எல்லா ஷாட்டுக்கும் தனித்தனியாகச் செய்யாமல், ஒரே மண்டபத்தில் எடுத்தவற்றுக்கு மொத்தமாகச் செய்கிறேன். அதில் பத்து நிமிடம் குறைகிறது.

உன் பழைய இயந்திரத்துக்கு: விளம்பரத்தில் எழுத்துகள் அசையும் இடங்களை மட்டும் முன்கூட்டியே தனியாக ரெண்டர் போட்டு, வீடியோவாக உள்ளே வைத்துப் பார். பிரவுசரை மூடிவிட்டு வேலை செய். அவர்கள் கொடுத்த மென்பொருள் புதிதென்றால் ஒரு பதிப்பு பழையதைப் போட்டுப் பார், பழைய செயலிக்கு அது ஒத்துவரும். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தால் குளிர் குறையும்.

இந்த மாதம் நாலு வீடுகள். காலையில் போய் உட்கார்ந்ததும் போட்டுவிடுகிறேன். இங்கே மழை நின்று வானம் சுத்தமாக இருக்கிறது. பதினொரு மணிக்கெல்லாம் படம் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் படத்தைப் பார்க்க உள்ளே போய்விடுகிறார்கள். நான் மொட்டை மாடியில் கேபிளைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகும் வெயில் நிறைய மிச்சம் இருக்கிறது.

அஷ்வாக்